மாலதியின் தோளில் வந்து உட்கார்ந்த வண்டு

போன ஞாயிறு, எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் என் மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டார். வண்டுகளுக்கு வாசனை காட்டிக் கூப்பிடுகிற வேலை என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே!

ஒரு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால், "ஏதோ பிரைவேட் கம்பெனி" என்று மழுப்பியிருப்பேன். ஹைதராபாத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஐ.டி. என் மாலதி மட்டும் மல்லாபூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில், காண்டாமிருக வண்டைக் கவரும் வாசனை மருந்தைப் பொட்டலம் போடுகிறாள். தென்னங்குருத்தைத் துளைத்துத் தின்கிற வண்டு அது. அந்த வாசனை அவளுடைய துப்பட்டாவிலும் ஒட்டிக்கொண்டு வரும். எங்கேயாவது கிளம்பினால், "முதல்ல அதை மாத்து" என்பேன். வெட்கம்தான்… வேறென்ன?

அப்போதுதான் எங்கள் வளாகத்தின் ஐந்து தென்னைகளுக்கு ஆபத்து வந்தது. ஓலைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டது போலிருந்தது; அதே வண்டின் வேலைதான். மரங்களை வெட்டிவிடலாம் என்றார் சங்கத் தலைவர். சாயங்காலக் கூட்டத்தில் பாதிப் பேர் கை தூக்கியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்பு வண்டு பறந்து வந்தது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு மாலதியின் தோளில் உட்கார்ந்தது. எல்லோரும் பதறி எழுந்தார்கள். அவள் எழவில்லை. வண்டைப் பிடித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, ஆறு மாதம் டைம் கேட்டாள். யாரால் மறுக்க முடியும்?

மறுநாள் ஒரு பக்கெட்டும் வாசனைப் பொட்டலமும் கொண்டுவந்தாள். மாட்டுகிற வேலை எனக்கு. நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக, அதிகம் அடிபட்ட மரத்திலேயே கட்டினேன். நோய் இருக்கிற இடத்தில்தானே மருந்து?

ஒரே வாரத்தில் அந்த மரத்தில் புதிதாக மூன்று துளைகள். இந்த மருந்து மரத்துக்கா, வண்டுக்கா என்று தலைவர் கேட்டுவிட்டுப் போனார். மாலதியின் பேர் என்னால் கெட்டது.

அவள் கோபப்படவில்லை. "ஏனுங்க, இது மருந்தில்லீங்க, அழைப்பு. மரத்துலயே கட்டுனா, நாமளே கூப்பிட்டுப் பந்தி வெச்ச மாதிரி ஆயிருமுங்க" என்றாள். பக்கெட்டை மரங்களுக்கு எட்டாத தூரத்தில், காம்பவுண்டுச் சுவர் மூலையில் மாட்டினாள். வண்டின் புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்த உரக்குழியையும் காலி செய்ய வைத்தாள்.

பிறகு காலையில் பார்த்தால் பக்கெட்டில் வண்டுகள்! தலைவரே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆரம்பித்தார். ஆறாவது மாதம் ஒரு புது ஓலை, ஒரு வெட்டுக்கூட இல்லாமல் முழுசாக விரிந்தது. மாலதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து மரங்களும் இன்றைக்கும் நிற்கின்றன. வெட்டுகிற பேச்சே இல்லை.

நேற்று அமீர்பேட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எல்லா ஐ.டி. சொந்தங்களும் வருவார்கள். வேலை முடிந்து நேராக வந்த மாலதி, வழக்கம்போல், "இருங்க, துப்பட்டாவ மாத்திட்டு வந்தர்றேன்" என்றாள்.

"வேண்டாம்… அப்படியே வா" என்றேன்.