மேளத்தில் ஒரு விரல்தடம்

ஆர்டித் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்துப் புல்வெளிக் கிழங்கு. கறுத்த தோலைக் கீறி இழுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். வாலோடு வாலைச் சேர்த்து ஜடைபோலப் பின்னி ஆணியில் மாட்டிவிட்டால் குளிர்காலம் முழுக்க சூப்புக்கு ஆகும். தோண்டியது அவள், உரிப்பது அவள், பின்னப்போவதும் அவள். மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா வெர்னிஸ் காபி குடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியதிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. அதற்கு முன்னாலும் பெரிதாக வேறு வேலை இருந்ததாக ஆர்டித்துக்கு நினைவில்லை.

ஆர்டித்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ரொட்டி பொரித்தவள். புருஷன் போன பிறகு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். நாணல் ஏரிக்கரையில் இறந்தவருக்கு மரியாதையாகப் போர்த்த அவள் தைத்த நட்சத்திரப் போர்வை போகாத சாவு வீடு கிடையாது. ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும், "வெர்னிஸோட தங்கச்சியா?" என்பார்கள்.

எல்லாம் அப்பா செய்த வேலை. வெர்னிஸை அவர் சடங்கு செய்து வீட்டின் செல்லப்பிள்ளையாக வரித்திருந்தார். அப்படி ஒருத்தியை வரித்துவிட்டால், வீட்டிலிருந்து யாருக்கு எது கொடுத்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். தைத்தது யார், சமைத்தது யார் என்ற பேச்சே எழாது.

அக்கா புருஷன் க்ளீட்டஸ் தபாலோடு உள்ளே வந்தார்.

"கொழுந்தியா, உன்னைப் பொண்ணு கேட்டு எவனோ லெட்டர் போட்டிருக்கான்."

அத்தான் கேலி செய்தால் முகம் சுளிக்கக் கூடாது, பதிலுக்குக் கேலி செய்ய வேண்டும். டகோட்டா பழங்குடி வீடுகளில் அதுதான் முறை.

"உங்களவிட அழகா இருந்தா வரச் சொல்லுங்க அத்தான். ஊர்ல முக்கால்வாசிப் பேர் தேறுவாங்க."

கடிதம் வெர்னிஸ் பெயருக்குத்தான் வந்திருந்தது. நகரத்து மியூசியத்திலிருந்து. வழக்கம்போல ஆர்டித் கையைத் துடைத்துவிட்டுப் படித்தாள். பாதி சிவப்பும் பாதி நீலமுமாகச் சாயம் பூசிய தோல் மேளம் ஒன்று அவர்களிடம் இருக்கிறதாம். டாக்டர் ஒருவரின் வாரிசுகள் கொடுத்ததாம். உள்பக்கம் வெர்னிஸ் பெயர் எழுதியிருக்கிறதாம். நீலத்தின் ஓரத்தில் ஒரு குழந்தையின் விரல்தடம் பதிந்திருக்கிறது, அது யாருடையது என்று சொன்னால் மேளத்துக்குப் பக்கத்தில் எழுதி வைப்பார்களாம்.

அந்த மேளம் செய்த வருஷம் ஆர்டித்துக்கு எட்டு வயது. டிபி வந்து அக்கா உள்ளறையில் படுத்த படுக்கை. அவள் பிழைத்ததற்காக டாக்டருக்குக் கொடுக்க அப்பா முற்றத்தில் அந்த மேளத்தைச் செய்தார். தோலை இழுத்துப் பிடித்தது ஆர்டித். மயிர் சுரண்டியது ஆர்டித். ஈரம் காயாத நீலத்தைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் விரலை வைத்து அழுத்தினாள். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். அழிக்கவில்லை. ஊர் மைதானத்தில் கூட்டம் கூட்டிக் கொடுத்தபோது மேளம் அக்கா பெயரில் போயிற்று.

'என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தன் பெருமையைத் தானே பேசுவது அங்கே வெட்கக்கேடு. வேறொருவர்தான் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான், எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆர்டித் காத்திருந்தாள்.

"என்னோடதுன்னு எழுதுடி," என்றாள் வெர்னிஸ்.

"என்னக்கா?"

"விரலு. என்னோடதுன்னு எழுது."

"நீ படுக்கையில இல்ல கெடந்த? எந்திரிச்சு எப்ப வந்த?"

க்ளீட்டஸ் சிரித்தார். "கொழுந்தியா, ஐம்பது வருஷம் கழிச்சு, குடுத்த பொருள்ல பங்கு கேக்குறவள இப்பத்தான் பாக்குறேன்."

இதற்கும் திருப்பி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆர்டித் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். க்ளீட்டஸ் இருவர் முகத்தையும் பார்த்தார். நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று முனகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆர்டித் பேனாவை எடுத்து எழுதினாள். 'விரல்தடம் என் அக்கா வெர்னிஸுடையது.' எழுதியதை உரக்கவும் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக, குத்துகிற மாதிரி. "போதுமா? போர்வை உன் பேர்ல, விருந்து உன் பேர்ல. இப்ப என் விரலும் உனக்குத்தான்."

வெர்னிஸ் காபிக் கோப்பையைத் தடவித் தள்ளிவைத்தாள்.

"அது உன் விரல்னு எனக்குத் தெரியாதாடி? நீயும் அப்பாவும் முத்தத்துல சிரிச்சது உள்ள கேட்டுச்சு. குடுக்குற அன்னிக்கும் டாக்டர் என்னை எந்திரிக்க விடல. மைதானத்துல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மேளச் சத்தமும் கேட்டுச்சு. அந்த மேளத்த நான் கண்ணால பாத்ததே இல்ல. இனிமே கொண்டுவந்து காட்டினாலும் தெரியாது."

ஆர்டித் உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

"அப்பா என்னை மடியில வெச்சுக்கிட்டதுகூட இல்ல, ஒட்டிக்கும்னு. நீதான் நாள் முழுக்க அவர் பக்கத்துல இருந்த. ஒண்ணு மட்டும் சொல்லுடி. விரல வெச்சப்ப எப்படி இருந்துச்சு? ஜில்லுன்னா?"

ஜில்லென்றுதான் இருந்தது. மணல்போல நறநறத்தது. சாயத்தில் கலக்கக் காய்ச்சிய பசையின் நாற்றம் மூன்று நாள் நகத்தடியில் இருந்தது. அப்பா தன் கட்டைவிரலால் அவள் விரலைத் துடைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட மறக்கவில்லை. ஆர்டித் அடுத்த கிழங்கை எடுத்துத் தோலைக் கீறினாள்.

வெர்னிஸ் பதிலுக்காக முகத்தை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து, சுவரைத் தடவித் தடவி உள்ளறைக்குப் போனாள்.