வராத படகுக்கு விழுந்த ‘ஆம்’

1. மீனவர் சங்கத்தின் பழைய தரவுத்தளத்தை நிரல் எழுதித் தரும் ஒரு கருவிக்குக் கொடுத்து, புதிய செயலிக்கான நிரலை உருவாக்கினேன்.
2. காலையில் ஒரு படகு கடலுக்குப் போனபோது, சங்கத்தில் அந்தச் செயலியின் ‘கரை திரும்பியதா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று பதிந்தார்கள்.
3. பிற்பகலில் காற்று எழும்பியது. எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டதாகத் திரை காட்டியதால் யாரும் தேடிப் போகவில்லை.

அந்தப் படகுக்காரரின் மனைவி சங்கத்துக்கே வந்துவிட்டார்.

“தங்கச்சி, உங்கட கொம்பியூட்டருக்கு அவர் வந்திட்டார். எனக்கு இன்னும் வரேல்லை. ஆரை நம்புறது?”

“உங்களைத்தான் அக்கா” என்றேன்.

சங்கத் தலைவர் உடனே இரண்டு படகுகளை அனுப்பினார். நான் நின்றபடியே தரவுத்தளத்தைத் திறந்தேன். முன்பு சங்கத்தில் படகு வந்த பிறகுதான் பதிவார்கள். அதனால் ‘கரை திரும்பியதா?’ என்ற இடத்தை நிரப்பாமல் விட்டால் ‘ஆம்’ என்று தானாக விழும்படி வைத்திருந்தார்கள். கருவி எழுதிய நிரலோ ‘இல்லை’ என்பதை நிரப்பாத இடமாக எடுத்து, தரவுத்தளத்துக்கு அனுப்பாமலே விட்டிருந்தது; அங்கே தானாக ‘ஆம்’ விழுந்துவிட்டது.

எஞ்சின் பழுதாகி நின்ற படகைப் பொழுதுபடுமுன் இழுத்து வந்தார்கள்.

“கொம்பியூட்டர் சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாதோ?” என்று அக்கா கணவரை ஏசினார்.

அந்த ‘ஆம்’ஐ நீக்கி, நிரலை மீண்டும் உருவாக்கிவிட்டேன். தானாக நிரம்பும் மற்ற இடங்களை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. அதுவரை சங்கத்தில் ஒவ்வொரு படகுக்கும் தொலைபேசியில் கேட்டுத்தான் பதிகிறார்கள்.