சிவப்புப் புள்ளிக்கு இடப்பக்கம்

ஒரு கீபோர்டைச் சத்தமே இல்லாமல் சோதித்துப் பார்த்து வாங்க முடியுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓராண்டாக எனக்கு அந்தப் பைத்தியம். செம்பனை ஆலையின் எடைமேடை அறையில் உட்கார்ந்து லோரிகளுக்கு எடை பார்க்கிற ஐம்பது வயதுக்காரனுக்கு, வீட்டில் தனியாக ஃபங்க்கும் ஜாஸும் வாசிக்க ஆசை. அதற்குக் கூட்டாளிகள் வேண்டும். டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கித்தாருக்கு ஒருவர், டிரம்பெட் ஊத இரண்டு பேர். எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கில் அவர்களை எங்கே போய்த் தேடுவது? அதற்குத்தான் அரேஞ்சர் கீபோர்டு. இடக்கையால் மூன்று நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்தால் போதும், உள்ளே இருக்கிற முழு பேண்டும் அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும். வலக்கையால் நாம் மேலே விளையாடலாம். சாப்பாடு கேட்காத, எதிர்த்துப் பேசாத பேண்டு.

கடைகளில் பார்த்த கீபோர்டுகளில் மலாய்ப் பாட்டுகளுக்கான டாங்டுட் இருந்தது, ஜோகெட் இருந்தது, நான் செத்தாலும் வாசிக்கப்போகாத வால்ட்ஸ் ஒரு பட்டாளமே இருந்தது. ஃபங்க் என்ற தலைப்பைத் திறந்தால் ஒன்றோ இரண்டோ. அதிலும் ஒன்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்த டிஸ்கோ. இது போதாதென்று இன்னொரு தொல்லை. எனக்கு யார் முன்னாலும் வாசிக்க வராது. கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றாலே என் விரல்கள் ஒன்றையொன்று முன்பின் பார்த்திராதவை போல நடந்துகொள்ளும். ஒரு கடையில் என் மனைவி, "வாசிச்சிக் காட்டுங்க" என்றதும், கீபோர்டின் காலை ஆட்டிப் பார்த்து, "ஸ்டாண்டு சரியில்ல" என்று வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் பழைய கீபோர்டு ஒன்று பத்தாங் பெர்ஜுந்தாயில் விலைக்கு வருகிறது என்று கைப்பேசியில் பார்த்ததும் தூக்கம் போயிற்று. நான் தேடிக்கொண்டிருந்த அதே மாடல். அது இப்போது புதிதாக வருவதில்லை. ஃபங்க், ஜாஸ் இரண்டும் வயிறு முட்ட இருக்கும். விற்பவர் பாலர் பள்ளி ஆசிரியை. சனி ஞாயிறுகளில் கல்யாண பேண்டில் வாசித்தவர். "இனி சனி ஞாயிறு எனக்கே வேணும்ணே, அதான் குடுக்கிறேன்" என்றார். புக்கிட் பெருந்துங்கிலிருந்து ஒரு பேண்டுக்காரரும் அன்று சாயங்காலம் பார்க்க வருகிறாராம். அதற்குள் முடிவு சொன்னால் எனக்கு. இல்லாவிட்டால் அவருக்கு.

மனைவியோடு காடியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுச் சந்தில் பாதியை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆட்கள் கை கட்டி நின்றிருந்தார்கள்.

"பக்கத்து வீட்டுப் பெரியவரு காலையில தவறிட்டாருண்ணே," என்றார் டீச்சர், கேட்டைத் திறந்துகொண்டே. "எஸ்டேட்ல ஆளுங்கள வேல வாங்குற மண்டோரா இருந்தவரு. வாழ்நாள் பூரா சத்தம் போட்டாச்சி, எனக்கு மேளம் உறுமி எதுவும் வேணாம், பதிகம் பாடி அமைதியா அனுப்புங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. கீபோர்டப் பாக்கலாம். சத்தம் மட்டும் வைக்க முடியாது."

"ஹெட்போன் இருக்குமா?"

"போன மாசம்தான் உடைஞ்சிச்சி."

என்னிடம் இருந்தது வயர் இல்லாதது. அந்தக் கீபோர்டோ வயர் உள்ளதை மட்டுமே மதிக்கும். ஆகவே சத்தத்தை முழுக்கக் குறைத்து, விளக்குகளை மட்டும் பார்த்தோம். கீபோர்டின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம், ஒரு வெள்ளைக் கட்டையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி.

"இதான்ணே எல்லை. புள்ளிக்கு வலது பக்கம் நம்ம வாசிப்பு. புள்ளியிலேருந்து இடது பக்கம் பேண்டு. சுவிட்சப் போட்டதுமே கல்யாண செட்டிங்ல வந்து நிக்கும். இந்தச் சிவப்பு விளக்கு மினுக்கும், பாத்தீங்களா? மாப்பிள்ள பொண்ணு மண்டபத்துக்குள்ள காலு வச்சதும் இடக்கை ஒரு விரலு பட்டாப் போதும், டமால்னு கிளம்பிடும். அதுவும் ஃபங்க் ஸ்டைல்தான். உங்களுக்குப் புடிச்சது."

விரலை வைத்தார். நாலு சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடத் தொடங்கின. சத்தம் இல்லை. என் மண்டைக்குள் மட்டும் பேஸ் கித்தார் குதித்தது. டீச்சர் மேலும் என்னென்னவோ விளக்கினார். எந்தப் பட்டன் எதற்கு, எந்தத் திருகு எதைக் குறைக்கும் என்றெல்லாம். நான் மிகுந்த அறிவோடு தலையாட்டினேன். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. நாலு விளக்கையும் பார்த்துக் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது கேட்டருகே ஒருவர் வந்து நின்றார். இறந்தவரின் மூத்த மகன். வேட்டி, வெற்றுடம்பில் துண்டு.

"டீச்சர், பதிகம் பாடுற ஐயா வந்துட்டாரு. அவரோட சுருதிப் பெட்டி வேல செய்யல. போன்ல வச்சுப் பாத்தோம், ரெண்டு வரிக்கு ஒருக்கா எவனாவது போன் அடிச்சி, எங்க இருக்க, எந்தச் சந்துன்னு கேக்குறான் லா. உங்க கீபோட்ல சுருதி புடிச்சிக் குடுத்தீங்கன்னா..."

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா நான் உள்ள பொம்பளைங்களோட இருக்கணுமே. யாரு புடிக்கிறது?"

மூன்று பேரும் யோசித்தார்கள். நான் சுவரில் இருந்த நாள்காட்டியை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினேன்.

"எங்க வீட்டுக்காரரு புடிப்பாரு," என்றாள் என் மனைவி. "ஒரு வருசமா அதேதான பேச்சு."

கீபோர்டைக் கழற்றி, டீச்சர் அதன்மேல் குனிந்து ஏதோ செய்து என்னிடம் ஏதோ சொன்னார். நான் மறுபடியும் தலையாட்டினேன். பத்து நிமிடத்தில் நான் கூடாரத்துக்குள், சவப்பெட்டிக்கு இரண்டு முழத் தொலைவில், நூறு பேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். யார் முன்னாலும் வாசிக்க வராத ஆளுக்கு அமைந்த முதல் மேடை. சுவிட்சைப் போட்டேன். திரை எரிந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வரக் காத்திருக்கிறது.

அதை அணைக்க ஒரு பட்டன் உண்டு. அது எனக்கும் தெரியும். அந்த வரிசையில் மூன்று பட்டன்கள். மூன்றின் எழுத்துகளும் பல கல்யாணங்களில் தேய்ந்து வழவழவென்று இருந்தன. ஒன்று விளக்கை அணைக்கும். ஒன்று பேண்டை நேரடியாகக் கிளப்பும். இன்னொன்று டிரம்பெட்டோடு முன்னிசை போட்டுக் கிளப்பும். மூன்றில் ஒன்றைக்கூடத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிற மனிதரின் தலைமாட்டில், கல்யாண மண்டப ஃபங்க். அந்த ஊரிலிருந்து நான் காடியில் திரும்புவேனா, இல்லை அதே பெட்டியில் எனக்கும் இடம் ஒதுக்குவார்களா என்று யோசித்தேன்.

புள்ளி இருக்கிறதே, அதற்கு வலப்பக்கம் இருந்தால் பிழைத்தேன். பாடகர் ஐயா முனகிக் காட்டிய சுருதியை எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி, பத்திரமான இடத்தில் பிடித்தேன். ஷட்ஜத்துக்கு ஒரு விரல், பஞ்சமத்துக்கு ஒரு விரல். ஐயா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். நல்ல குரல். நான்கூட கொஞ்சம் மூச்சுவிட்டேன்.

முதல் பதிகம் முடிந்ததும் ஐயா இருமினார். "கொஞ்சம் எறக்குங்க தம்பி."

இரண்டு கட்டை இடப்பக்கம் நகர்ந்தேன்.

அடுத்த பதிகம் முடிந்தது. "இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தேன். இப்போது சிவப்புப் புள்ளி என் சுண்டுவிரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரனாகி இருந்தது. சட்டென்று மூளை வேலை செய்தது. அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் பிடித்தால் என்ன? வலப்பக்கம் தாவினேன். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் வந்தது. ஐயா ஒரு கண்ணைத் திறந்து, உள்ளங்கையால் கீழே, கீழே என்று காட்டினார். திரும்பி வந்தேன்.

என் முகத்திலிருந்து வேர்வை கீபோர்டில் சொட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து, "பெரியவரு உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அன்று எதைக் கேட்டாலும் தலையாட்டுவது என்று ஆகிவிட்டது. அவர் தம் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "மனசத் தேத்திக்கிங்க" என்றார்.

பெட்டியைத் தூக்கும் நேரம் நெருங்கியது. பெண்கள் எழுந்தார்கள். ஐயா கடைசிப் பதிகத்துக்குத் தொண்டையைச் செருமி, முனகினார். அந்த முனகல் எங்கே இருக்கிறது என்று என் விரல் தேடிக்கொண்டு போய் நின்ற இடம், சிவப்புப் புள்ளிக்கு அடுத்த கட்டை. இடப்பக்கம்.

மூத்த மகன் கண்களை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். ஐயா எனக்காகக் காத்திருந்தார். எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். நடுவில் நாற்காலிகள். மயங்கி விழலாம். விழுந்தால் இடக்கை கீபோர்டின் மேல்தான் விழும்.

அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. நாலு சின்ன விளக்குகளும் ஓடத் தொடங்கின.

நான் தோளைச் சுருக்கிக்கொண்டு டமாலுக்காகக் காத்திருந்தேன். வந்தது வயலின்கள். ஒரு கூட்டம் வயலின்கள் மிக மெதுவாக, அடியிலிருந்து எழுந்து வந்தன. ஐயா தலையசைத்து அந்தச் சுருதிக்குள் இறங்கிப் பாடினார். யாரோ விசும்பினார்கள். விளக்குகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. மேளம் எங்கே? முன்னிசையில் இடைவெளி விட்டிருக்கிறதா? எட்டாவது அடியில் வருமா, பதினாறாவதிலா? ஒவ்வொரு சுற்றும் முதல் விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி ஒரு குவளை தண்ணீரோடு வந்தாள். "குடிங்க, இப்படி வேர்க்குது" என்று கிசுகிசுத்துக்கொண்டே அதைக் கீபோர்டின் மேல், சத்தத் திருகுகளுக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள். வேண்டாம் என்று கண்ணால் கத்தினேன். அவளுக்கு அது துக்கமாகப் பட்டது. என் தோளைத் தட்டிக்கொடுத்து, குவளையைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். பாட்டு முடிந்தது. கூட்டம் வண்டியின் பின்னால் நகர்ந்தது. நான் கையை எடுத்தேன். விளக்குகள் நிற்கவில்லை. வெறும் நாற்காலிகளுக்கு நடுவே நானும் அதுவும். டீச்சர் வந்து பார்த்தார்.

"ஐயோ, ஓடிக்கிட்டே இருக்கே!" என்று மூன்று பட்டன்களில் நடுவில் இருந்ததைத் தட்டினார். நின்றது.

"மேளம் வரல," என்றேன்.

"எப்படி வரும்? மேளம் டிரம்பெட்டுன்னு பேண்டு சத்தம் பூராத்தையும் வீட்லயே சுத்தமா குறைச்சிட்டு, இடது பக்கம் வயலின மட்டும் விட்டுத்தான குடுத்தேன். சாவு வீட்டுக்குக் குடுக்கிறேன், பாக்காமலா குடுப்பேன்?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னேனேண்ணே. தலைய ஆட்டுனீங்களே."

ஆக, அந்தப் பெரியவரைக் கடைசிப் பதிகம் முழுக்க ஒரு ஃபங்க் பேண்டு வழியனுப்பியிருக்கிறது. டிரம்பெட்டோடு. யார் காதிலும் விழாமல்.

கீபோர்டை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தபோது புக்கிட் பெருந்துங் பேண்டுக்காரர் வேனில் வந்து இறங்கினார். நிலைமையைக் கேட்டார். கலங்கவே இல்லை. "பரவால்ல டீச்சர், வேன்ல பேட்டரி இருக்கு. அந்தச் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயி ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்." இந்த யோசனை ஓராண்டு ஆராய்ச்சி செய்த எனக்கு வரவில்லை. அவர் கீபோர்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கவே தொடங்கிவிட்டார்.

நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"அண்ணே?" என்றார் டீச்சர்.

"எனக்குத்தான்," என்றேன். "முடிவு பண்ணிட்டேன்."

"கேக்காமயேவா?" என்றார் பேண்டுக்காரர்.

"அதான் அவ்வளவு நேரம் கேட்டாச்சே," என்றாள் என் மனைவி, அவர் பிடித்திருந்த முனையிலிருந்து கையை மரியாதையாக எடுத்துவிட்டு.

உண்மையைச் சொன்னால், ஒரு ஃபங்க் அடிகூட கேட்காமல், ஒரு ஜாஸ் கார்டுகூட பிடிக்காமல், வெறும் பயத்தில் வாங்கினேன். ஓராண்டாகப் பார்த்த காணொளிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. இன்னொருவன் தூக்குகிறான் என்றதும் கை தானாகப் பிடித்துக்கொண்டது. என் ஆராய்ச்சியின் முடிவு அதுதான்.

மறுநாள் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. பேண்டின் திருகை டீச்சர் எழுதிக் கொடுத்தபடி கண்டுபிடித்துக் கொஞ்சம் ஏற்றினேன். அப்புறம் முழுக்க ஏற்றினேன். இடக்கை விரலைப் புள்ளிக்கு அருகே கொண்டுபோனேன். அங்கேயே நின்றது. குப்பென்று வேர்த்தது. நல்லாயில்லாவிட்டால்? அதுவும் சட்டை மாற்றிய டிஸ்கோவாக இருந்துவிட்டால்?

"இங்க யாரும் சாகல," என்றாள் மனைவி. "வைங்க."

"இரு, வைக்கிறேன்."

"நேத்திலேருந்து இதத்தான் சொல்றீங்க," என்று குறுக்கே கையை நீட்டி அவளே ஒரு விரலை வைத்தாள்.

டமால்.

பேஸ் கித்தார் தரையை ஓங்கித் தட்டியது. டிரம்பெட்டுகள் ஜன்னல் கண்ணாடியில் போய் மோதின. டிஸ்கோ இல்லை, சத்தியமாக இல்லை. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, முதல் வேலையாக ஜன்னல் வழியே இரண்டு பக்கத்து வீடுகளிலும் கூடாரம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் திரும்பி வந்து, இடக்கையால் கார்டை மாற்றினேன். முழு பேண்டும் என் கூடவே மாறியது.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா லா, யாரு வீட்ல கல்யாணம்?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்!" என்று கத்தினாள் என் மனைவி.