குளியலறை வாசலில் ஜெபமாலை

பேருந்தில் கண்டக்டரம்மா ஒரு குரல் கொடுத்தால் மொத்தக் கூட்டமும் உள்ளே நகரும். வீட்டிலோ, இரவு ஜெபமாலைக்கு மூன்று பேரை உட்காரவைக்க அவளால் முடியவில்லை. பெரியவளுக்கு வீட்டுப்பாடம், சின்னவளுக்குத் தூக்கம், வேன் ஓட்டும் கணவனுக்கு முதுகுவலி.

எல்லோரும் தவறாமல் கூடும் இடம் வீட்டில் ஒன்றுதான் என்று ஒருநாள் அவளுக்கு உறைத்தது: காலையில் குளியலறை வாசல். மறுநாளே சட்டம் போட்டாள். உள்ளே குளிப்பவர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல வேண்டும், வெளியே காத்திருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். பத்து முறை முடிந்ததும் கதவு திறந்தாக வேண்டும்.

“குளிக்கிற எடத்துல ஜெபமா? ஃபாதர் காதுல விழுந்தா என்ன சொல்வாரு?” என்றான் கணவன்.

“அப்ப வேற நேரம் நீங்களே சொல்லுங்க. மாத்திக்கிறேன்.”

வீம்புக்கு அவன் தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சத்தமில்லாமல் குளித்துவிடுவான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வாரம் ஒருநாள் அவளுக்கு அதிகாலை டியூட்டி. மாலையில் வந்ததும் கேட்டாள்: “இன்னிக்கு ஜெபம் நடந்துச்சா, டிமிக்கி குடுத்தீங்களா?”

“அப்பாவும் எங்களோட வரிசையில நின்னாரு,” என்றாள் சின்னவள். “உள்ள போயி அவரே ஆரம்பிச்சாரு. பத்து முடிஞ்சு கதவத் தட்டினா, அம்மாவுக்காக இன்னொரு பத்து சொல்லிட்டு வர்றேன்னுட்டாரு. எனக்கு ஸ்கூல் பஸ் போயிடுச்சும்மா.”

கண்டக்டரம்மா தோளிலிருந்த டிக்கெட் பையை இறக்கி வைத்தாள்.

“போனா போகட்டும். நாளையிலேர்ந்து பத்து நிமிஷம் முன்னாடி எந்திரிங்க, மூணு பேரும்.”