தேர்வில் எழுதியதும் தோழியிடம் சொன்னதும்

கல்லூரி இரண்டாம் ஆண்டில், உயிர்வேதியியல் உள்தேர்வில் ஒரு கேள்வி வந்தது. கடுமையாக உழைக்கும் தசைக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது, விளக்குக. எனக்கு ஒரே குஷி. வகுப்பிலேயே நீச்சல் போட்டிக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். முதல் சில விநாடிகளுக்குத் தசைக்குள் தயாராக இருக்கும் கையிருப்பு போதும் என்று எழுதினேன். அது தீர்ந்ததும், சோறு, இட்லியிலிருந்து உடம்பு சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் சர்க்கரையாக உடைந்து எரியும். கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், மூன்று நிமிட வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்த வீரர் பாதியிலேயே தளர்ந்துபோவார். நீச்சலையே உதாரணமாக வைத்து இரண்டு பக்கம். பேராசிரியை என் தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

அதே வாரம் விடுதியில், வேறு பாடம் படிக்கிற என் அறைத்தோழியிடம், "சோத்த விட்டுருடி, அப்பத்தான் ஒனக்கு இன்னும் வேகம் வரும்" என்று சொன்னேன்.

என்னைவிட வேகமாக நீந்துகிறவள் அவள்.

நான் அறந்தாங்கிக்காரி. அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார். நான் நீச்சலில் சேர்ந்தேன் என்று கேட்டதிலிருந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது புரோட்டீன் பவுடர் டப்பா கொடுத்தனுப்புவார். கோடை வகுப்பில் கற்றுக்கொண்ட நீச்சல் என்னுடையது. கை எந்தக் கோணத்தில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் ஆவூர்ப் பக்கம். கத்தோலிக்க விவசாயக் குடும்பம். தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்களோடு குதித்துக் குதித்து நீந்தப் பழகியவள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் நீச்சல்குளம் என்ற ஒன்றையே பார்த்தாள். பார்த்த ஆறே மாதத்தில் இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் என்னை மூன்று விநாடி முந்தினாள். மூன்று விநாடி என்றால் தண்ணீரில் இரண்டு ஆள் நீளம். குளத்தில் எட்டு நீளம் போனால் இருநூறு மீட்டர், அதில் கடைசி நீளத்தில் நான் தலையைத் தூக்கினால் அவளுடைய கால்கள் கிளப்பும் நுரைதான் தெரியும்.

புதுக்கோட்டையில் விடிவதற்கு முன் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துக் குளத்துக்குப் போவோம். கிளம்பும்போது நான் பவுடரைக் குலுக்கிக் குடிப்பேன். அவள் ஊறவைத்த அவலில் வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, டிபன் பாக்ஸோடு ஆட்டோவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வருவாள். எனக்கும் ஒரு வாய் நீட்டுவாள். "ஒம் பவுடரு மாதிரி இது நாறாது, தின்னு" என்பாள். பயிற்சி முடிந்து வந்து ஏழு இட்லி. மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்குவாள். விடுதிச் சமையல்கார அக்கா அவளைக் கண்டாலே கரண்டியை நிறைத்துவிடுவார்.

அந்த வருடம் மாநிலப் போட்டிக்கான மாவட்டத் தேர்வு பங்குனியில் வந்தது. ஒரு பிரிவுக்கு ஒருவர்தான். இருநூறு மீட்டரில் அது யார் என்று குளத்தில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் பயிற்சியாளர் உட்பட.

மாவட்டத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவர்களுக்குத் தவக்காலம் தொடங்கியிருந்தது. ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டாள். "இப்படி இருந்தா தசைக்கு என்னத்த குடுப்ப? இதக் குடி" என்று என் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். இதை நான் நல்ல மனசோடுதான் செய்தேன். அன்றைக்கு என் மனதில் வேறு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்வேன். அடுத்து நடந்ததற்கு அப்படிச் சத்தியம் செய்ய முடியாது.

பவுடர் குடித்த மூன்றாம் நாள், கண்ணாடி முன்னால் நின்று தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏடி, நீ இதெல்லாம் படிக்கிறவ. நான் ரொம்பத் திங்கிறேனோ? கொஞ்சம் எளைச்சா இன்னும் வேகமாப் போகலாமா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உன் வேகமே அந்த அவலிலும் சோற்றிலும்தான் இருக்கிறது, ஒரு பிடிகூடக் குறைக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். விடைத்தாளில் நான் எழுதியது அதுதானே. வாயைத் திறந்தபோது வேறு வந்தது. சோற்றை விட்டால் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும், கனம் குறையும், தண்ணீரில் மிதப்பாய் என்றேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னேன். சொல்லும்போது கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவலுமா?"

"அவல்தான் மொதல்ல."

அவள் அப்படியே நம்பினாள். பேராசிரியை வாசித்துக் காட்டிய தாளின் சொந்தக்காரி சொல்கிறாள், நம்பாமல் என்ன செய்வாள்?

கூடவே ஒரு மாத்திரை டப்பாவும் கொடுத்தேன். அப்பா அனுப்பிய பவுடரோடு சேர்த்து, உறவுக்காரர் ஒருவர் தன் கணக்கில் கொண்டுவந்தது. கொழுப்பைக் கரைக்கும், சுறுசுறுப்பு தரும் என்று மேலே போட்டிருந்தது. உள்ளே இருந்தது பெரும்பாலும் காஃபின். நானே ஒன்று போட்டுப் பார்த்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை. பயந்துபோய்ப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அதைத்தான் எடுத்து அவளிடம் நீட்டினேன். "காலைல ஒண்ணு போடு. முதல்ல கொஞ்சம் படபடன்னு இருக்கும், சரியாயிரும்."

மூன்று வாரம். சமையல்கார அக்கா, "என்னம்மா, சாப்பாடு நல்லா இல்லியா?" என்று அவளைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். அவள் தட்டில் காய்கறியும் கொண்டைக்கடலையும் மட்டும் இருக்கும். எதிரில் உட்கார்ந்து நான் சோறு சாப்பிட்டேன். முதல் வாரம் வெட்கப்பட்டு வேகமாகச் சாப்பிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. அவள் கனம் குறைந்தது. சிரிப்பும் குறைந்தது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தாள். பயிற்சியில் முதல் நூறு மீட்டர் பழையபடி பறப்பாள், அடுத்த நூறில் தோள் இறங்கிவிடும். பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார். "தூங்குறியா இல்லியா நீ?" என்பார். ஆட்டோவில் திரும்பும்போது அவள் என்னிடம், "ஒடம்பு இன்னும் பழகலைல்ல? இன்னும் எத்தன நாளாகும்?" என்று கேட்பாள்.

"பழகிரும்" என்பேன்.

சொல்லி நிறுத்துவதற்கு எனக்குத் தினமும் ஒரு வாய்ப்பு இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. ஒரு நாள் பயிற்சியில் அவளை முதல்முறையாக முந்தினேன். அதன் பிறகு அந்த நினைப்பும் வரவில்லை.

மாவட்டத் தேர்வு அன்று காலை அவளுக்குக் கறுப்புக் காபியும் மாத்திரையும்தான். எனக்குப் பக்கத்து லேன். குதித்தோம். முதல் நான்கு நீளம் அவள் எனக்கு முன்னால்தான் போனாள். ஆறாவது நீளத்தின் முடிவில் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது, கலங்கிய தண்ணீருக்கு மேலாக அவளைப் பார்த்தேன். லேன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தலை கயிற்றின் மேல் சாய்ந்திருந்தது.

நான் நிற்கவில்லை. சுவரை உதைத்துக்கொண்டு போனேன். மீதி இரண்டு நீளத்தையும் நீந்தி முடித்தேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்பும் நீந்தியதில்லை, பின்பும் நீந்தியதில்லை. தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பயிற்சியாளர் சட்டை பேண்ட்டோடு குளத்துக்குள் இருந்தார். அவளைத் தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். உதடு வெளுத்திருந்தது. யாரோ குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

பயிற்சியாளர் ஈரம் சொட்டச் சொட்டக் குனிந்து கேட்டார். "காலைல என்ன சாப்பிட்ட? ஏதாச்சும் மாத்திர கீத்திர போட்டியா? உண்மையச் சொல்லு."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"ஒண்ணும் சாப்பிடல சார். தவக்காலம். ஒருசந்தி இருந்தேன்."

அவர்கள் விரதத்துக்கு ஒருசந்தி என்பார்கள். பயிற்சியாளர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "போட்டி அன்னைக்கு எவளாச்சும் வெரதம் இருப்பாளா? ஒன்னைய நம்பி மூணு மாசமா நான் உசுர விட்டேன் பாரு!" எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தேர்வானதற்கான தாளைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் அறையில் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"மாத்திரன்னு சொன்னா எங்கிட்ட யாரு குடுத்தான்னு கேப்பாரு. ஒன்னையும் எடுத்துருவாரு. ரெண்டு பேருல ஒருத்தியாச்சும் போகணும்ல" என்றாள். சொல்லிவிட்டு, "நீ பாவம், எனக்காக எவ்வளவு பாத்துப் பாத்து செஞ்ச. என் ஒடம்புக்குத்தான் அது ஒத்துக்கல" என்றும் சொன்னாள்.

நான் போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழிகிறவரை நின்றேன்.

மயங்கிய செய்தி அவள் வீட்டுக்குப் போனது. அவள் அப்பா வந்தார். தண்ணீருக்குள் மயக்கம் போடுகிற பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று அமைதியாகக் கேட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அத்தோடு குளத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் மாநிலப் போட்டிக்குப் போனேன். என் சுற்றில் கடைசியாக வந்தேன். திரும்பி வந்தபோது பேருந்து நிலையத்துக்கு அவள்தான் வந்து என் பையை வாங்கிக்கொண்டாள்.

படிப்பு முடிந்தது. எனக்கு ஒரு தனியார் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் வேலை கிடைத்தது. அவள் ஆரம்பப்பள்ளி ஆசிரியையாகி, கல்யாணமாகி, ஆவூருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். பண்டிகைக்குப் போனில் பேசிக்கொள்வோம். வருடா வருடம் அந்தப் பாடத்தை நடத்துவேன். கிளைக்கோஜன் என்று பலகையில் எழுதும்போதெல்லாம் மாணவிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பேன்.

போன வருடம் கபடி ஆடுகிற மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "மிஸ், நீங்க ஸ்விம்மராமே. நான் சோத்தக் கொறச்சா வேகம் வருமா?" என்றாள். இல்லை, வராது, நன்றாகச் சாப்பிடு என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளும் சரி என்று போய்விட்டாள். இவ்வளவுதானா, இதைச் சொல்வதற்கா அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை என்று ஆடிப்போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவூருக்குப் பஸ் ஏறினேன்.

அவள் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மகள் முற்றத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். தோழி எனக்குக் காபி கொடுத்தாள். நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சையில் எழுதியதை, அது தெரிந்தே அவளிடம் சொன்னதை, மாத்திரையை நானே போட்டுப் பார்த்திருந்ததை, கயிற்றில் அவள் தொங்கியதைப் பார்த்துவிட்டும் நீந்திப்போனதை.

அவள் முற்றத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "இவ வயித்துல இருந்தப்ப டாக்டரு காபியக் கொறைக்கச் சொன்னாங்க. அப்பத்தான் அந்த மாத்திர ஞாபகம் வந்துச்சு. அதுதான் காரணம்னு எனக்கே புரிஞ்சிருச்சு. ஆனா ஒனக்கும் தெரியாமத்தான் குடுத்திருப்பன்னு நெனச்சேன். எங் கூட்டாளி எனக்காகக் கஷ்டப்பட்டான்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அத வந்து எடுத்துட்டுப் போற."

"மன்னிச்சிரு."

"நீ சொல்லிட்ட, ஒனக்குக் கனம் எறங்கிரும். இத நான் எங்கிட்டுப் போயி எறக்கி வைக்கிறது?"

அங்கே வருகிற வரையில் அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே நான் யோசித்திருக்கவில்லை. அவள் எழுந்துபோய் ஆறிய காபியைக் கொட்டிவிட்டு வந்தாள். "எனக்குக் கோவமா இருக்கா என்னன்னே தெரியல. தெரிஞ்சதும் கூப்பிடுறேன். இப்ப நீ கெளம்பு" என்றாள். பஸ் ஏற்றிவிட வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"கோவந்தான்" என்றாள்.

"சரி" என்றேன்.

"வச்சுடாத. நான் பேசி முடிக்கிற வரைக்கும் வச்சுடாத."

வைக்கவில்லை. அவள் கத்தினாள், அழுதாள், அந்தக் காலத்தில் ஒரு நாளும் பேசாத வார்த்தைகளெல்லாம் பேசினாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, குறுக்கே ஒன்றும் சொல்லாமல், அவள் முடிக்கிற வரைக்கும் கேட்டேன்.