ரேடியோவும் நீர்நாய்களும்

சரணாலயத்து வழிகாட்டிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் ரேடியோ. "சத்தமே போடக் கூடாதுங்க. பளிச்சுனு சட்டை ஆகாது, சென்ட் ஆகாது, மரம் மாதிரி நிக்கணும்" என்று வாசலில் ஆரம்பிப்பார். ஏரிக்கரை மரக்குடிசையில் உட்கார்ந்த பிறகும் மௌனத்தின் அருமையை விளக்கி முடித்திருக்க மாட்டார். ஆனாலும் வந்தவர்கள் நீர்நாயைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

புதிதாக வந்த அதிகாரியம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "நாளைக்கு நானே வந்து பாக்குறேன். வாயைத் திறந்தீங்கன்னா இனிமே டிக்கெட் கவுன்ட்டர்தான்" என்றார்.

கவுன்ட்டரில் ஏரிப்பக்கம் ஜன்னலே கிடையாது. ரேடியோவுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "கட்டிக்கிட்டவளுக்காக ஒரு நாள் மூடாத வாயி, அந்தம்மாவுக்காக மூடிருமாக்கும்!" என்றவள், காலையில் பல்லோடு ஒட்டிக்கொள்ளும் மிட்டாயாகப் பார்த்து அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். பாவம், அவளுக்கும் பயம்தான்.

மரக்குடிசையில் அதிகாரிக்குப் பக்கத்தில் மனுஷன் மிட்டாயை அதக்கிக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். வாத்துக்கூட்டம் விருட்டென்று எழுந்து போனது. கொக்கும் நடையைக் கட்டியது. நாணல் அசையவே இல்லை.

"எங்கங்க நீர்நாய்?" என்றார் அதிகாரி.

பதில் சொல்ல முடியாத தவிப்பில் மிட்டாய் தொண்டைக்குள் போய்விட்டது. இருமித் தள்ளிய ரேடியோ, "அது வந்துங்க மேடம்..." என்று தொடங்கியவர்தான், மடை திறந்துவிட்டது. நாணல் விலகியது. தாய் நீர்நாய் ஒன்று குட்டிகளோடு வந்து கல்லில் ஏறி மீனைக் கடித்தது. அதுகள் பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. குரல் கேட்டால் மனிதர்கள் குடிசைக்குள் அடங்கியிருக்கிறார்கள். நின்றுவிட்டால் எங்கே பதுங்கி வருகிறார்களோ, யார் கண்டது!

ரேடியோ சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். குட்டிகள் தொப்பென்று தண்ணீரில் விழுந்தன.

அதிகாரி அவர் கையைப் பிடித்து உலுக்கினார். "ஐயோ, நிறுத்தாதீங்க! பேசுங்க!"

பெற்ற தாய் சொன்னதில்லை, வாத்தியார் சொன்னதில்லை, மனைவி சொல்வாளா? ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுசில் முதல்முறையாகப் பேச ஒரு வார்த்தை அகப்படவில்லை. தாய் நீர்நாயும் கல்லை விட்டு இறங்கத் தொடங்கியது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததையே எடுத்துவிட்டார்.

"முதல் விஷயம்ங்க... இங்க யாரும் சத்தமே போடக் கூடாது!"

குட்டிகள் ஒவ்வொன்றாகக் கல்லில் ஏறின.