எலுமிச்ச மரத்துக்கு நான் வெச்ச சுண்ணாம்பு

எனக்கு வாயி நீளம், படிப்பு குட்ட. அதால வந்த வென இது.

எங்க தெருவுல பாதிப் பேரு பொம்ம செய்யிற செராமிக் கம்பெனிக்குப் போறவங்க. தேஞ்சிபோன பொம்ம அச்ச வெளிய கொட்டுவாங்க, வெள்ளக் கட்டியா கெடக்கும். அத அள்ளியாந்து தூளாக்கி, பின்னாடி போட்ட மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, பூக்கிறப்ப தூவுவேன். உள்ள பருப்பில்லாத பொக்கே விழாது, காயி கெட்டியா இருக்கும். அந்தத் திமிருல 'செடி டாக்டரு'ன்னு எனக்கு நானே பேரு வெச்சிக்கிட்டேன்.

பக்கத்து வூட்டுக்காரி ஜங்ஷன்கிட்ட எலுமிச்ச சோடா விக்கிறவ. கொல்லையில ஒரே ஒரு எலுமிச்ச மரம். கோடையில பழம் வெல ஏறுறப்ப அவ கடைய அந்த மரந்தான் காப்பாத்தும். அதுல பிஞ்சு கொட்டுதுன்னு பொலம்புனா.

"டாக்டரு நானிருக்கறப்ப ஏண்டி அழுவுற? வெள்ளத் தூள வெச்சா நின்னுடும்."

"எலுமிச்சைக்குமாக்கா?"

"ஏன், அதுக்குத் தனியா பல்லு மொளச்சிருக்குதா? எல்லாச் செடியும் மண்ணத்தானடி தின்னுது."

அச்சுத் தூளு தீந்துபோச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு. அதுவும் வெள்ளதானன்னு, நானே மரத்தச் சுத்திக் குழி பறிச்சி மொத்தத்தையும் கொட்டுனேன்.

கொஞ்ச நாள்ல கொழுந்தெல்லாம் மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்ச. "மரம் வயசுக்கு வந்துடுச்சிடி, மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்க"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. கிளைய ஒடிச்சிக்கிட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு வேளாண்ம ஆபீஸுக்குப் போனா.

அங்க இருந்த பொண்ணு எலையத் திருப்பிப் பாத்துட்டு, "சுண்ணாம்பு வெச்சீங்களா?"ன்னு கேட்டுது. நான் மேல சுத்துற ஃபேனப் பாத்தேன். மல்லாட்டைக்கு அச்சுத் தூளு போட்டதுலேருந்து எல்லாக் கதையையும் அவதான் சொன்னா.

"மல்லாட்ட காயி மண்ணுக்குள்ளயே இருக்குது. சுண்ணாம்புச் சத்த அது தோலு வழியாவே இழுத்துக்கும். அச்சுத் தூளு ஜிப்சம், அதுக்கு நல்லது. எலுமிச்சைக்கு எல்லாம் வேரு வழியாத்தான் போவணும். இப்பிடிச் சுண்ணாம்பக் கொட்டுனா, மண்ணுல இரும்புச் சத்து இருந்தும் கரையாது. வேரால எடுக்க முடியாம பட்டினி கெடக்குது. யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"இவங்கதான் மேடம். எங்க தெரு டாக்டரு."

வெத வாங்க வந்தவங்கள்லாம் சிரிச்சாங்க. ஊரயே சிரிக்க வெச்சவ நான். அன்னிக்கு முந்தானையால மூஞ்சியத் தொடைக்கிற மாதிரி மறைச்சிக்கிட்டேன்.

சுண்ணாம்பு மண்ணச் சொரண்டி எடுத்தேன். அன்னபேதிங்கிற இரும்பு உப்ப அந்த ஆபீஸுப் பொண்ணு சொன்ன அளவுல தண்ணியில கரைச்சி எலைக்குத் தெளிச்சேன். தெரு முழுக்க வேலிகிட்ட நின்னு, "டாக்டரு ரவுண்ட்ஸா?"ன்னு கேக்குது. சொட்டு பட்ட எடம் மட்டும் புள்ளி புள்ளியா பச்சையாச்சு. மரமே என்னைக் கிண்டல் பண்ற மாதிரி இருந்துச்சு.

இந்தக் கோட முச்சூடும் அவ மார்க்கெட்டுல பழம் வாங்கித்தான் கட போட்டா. ஒரு நாள் வெயிலு தாங்காம அவ கடையில போயி நின்னேன். வெறும் சோடாவ ஒடச்சி நீட்டுனா.

"எலுமிச்ச?"

"மரம் காய்க்கட்டும்க்கா. அப்ப தரேன்."

இந்த நீள வாயால அந்த வெறும் சோடாவக் குடிச்சேன்.